வற்றம் பார்த்துப் புறப்படுங்கள்: மான்குர்த்திலிருந்து அலிபாக், முருட் கரைக்கு

மான்குர்த்தில் பன்வேல் வண்டி ஏறினால் அடுத்த நிலையமே வாஷி. நடுவில் தானே கழி. 1973இல் சாலைப் பாலமும் 1992இல் ரயில் பாலமும் வந்த பிறகு, மும்பை நகரத்தில் கொங்கணக் கடற்கரைக்கு மிகச் சுலபமாகக் கிளம்பக்கூடிய இடங்களில் மான்குர்த்தும் ஒன்றாகிவிட்டது. மான்குர்த், சீத்தா கேம்ப், கோவண்டி, செம்பூர்ப் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போகின்றன. இடையில் கிடைக்கும் இரண்டு நாள் விடுமுறைக்கு ஜுஹூவைத் தாண்டி யோசிப்பவர்கள் குறைவு. காலையில் கிளம்பி முற்பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில் கடல் நடுவே கோட்டைகளும், தென்னை கமுகுத் தோப்புகளும், இரண்டாயிரம் ஆண்டு வரலாறு கொண்ட ஒரு துறைமுக ஊரும் இருக்கின்றன. அவற்றை இரண்டு நாளில் நிதானமாகப் பார்க்கும் வழியை இந்த அத்தியாயம் சொல்கிறது.

முதலில் திதி, பிறகு டிக்கெட்

தமிழ்நாட்டுக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குப் பழக்கமில்லாத ஒன்று இந்தக் கரையில் உண்டு. சென்னையில் கடல் நீர் ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவுதான். மும்பையிலும் அதன் தெற்கேயும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்த ஏற்ற இறக்கம் நான்கு மீட்டரைத் தாண்டும். காலையில் மணலாகக் கிடந்த இடத்தில் மதியம் ஆளை மூழ்கடிக்கும் நீர் நிற்கும். அலிபாக்கின் குலாபா கோட்டைக்கு நடந்து போக முடியுமா, காஷித் கடற்கரையில் கால் நனைக்கலாமா, ஜஞ்சிரா தீவுக் கோட்டையில் படகு எப்படி நிற்கும் என்பதையெல்லாம் இதுதான் முடிவு செய்கிறது. பேருந்து நேரம் பார்க்கும் முன் கடல் நேரம் பாருங்கள்.

கொங்கண மீனவர்களிடம் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் நீர் முழுதாக ஏறும் மணி கிடைக்கும். பிரதமை 1, துவிதியை 2 என்று எண்ணிக்கொண்டு போங்கள். பௌர்ணமியும் அமாவாசையும் 15. வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு. எடுத்துக்காட்டாக, பஞ்சமி என்றால் 5 × ¾ = 3¾; அதாவது பிற்பகல் 3.45 அளவில் ஏற்றம். அதற்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் முன்பு, காலை 9.45 அளவில், வற்றம். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியே இதற்குப் போதும். நாளுக்கு நாள் இந்த நேரம் முக்கால் மணி அளவு தள்ளிப்போகும்.

இந்தக் கணக்கிலிருந்து பயணத்துக்கு உகந்த நாட்களைக் கண்டுபிடிக்கலாம். அமாவாசை, பௌர்ணமி அன்று நீர் நன்றாக வற்றும். ஆனால் அந்த வற்றம் விடியலிலும் அந்தி சாயும் நேரத்திலும் வரும். அஷ்டமி, நவமியில் நண்பகல் ஒட்டி வற்றம் வந்தாலும் நீர் முழுதாக வடியாது. கோட்டைப் பாதையில் தண்ணீர் நிற்கும். திருதியை முதல் சஷ்டி வரையிலான நாட்கள்தான் நமக்கு ஏற்றவை. காலை எட்டேகாலுக்கும் பத்தரைக்கும் இடையில் வற்றம் வரும், நீரும் நன்றாகவே இறங்கியிருக்கும். இந்த நாட்கள் மாதத்தில் இரண்டு முறை வரும். அவை சனிக்கிழமையைத் தொடும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். கணக்கு தோராயமானது, கிளம்புமுன் கைபேசியில் அலிபாக்கின் ஓத நேரத்தைப் பார்த்தும், கரையில் இறங்கியதும் அங்குள்ளவர்களைக் கேட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். மராத்தியில் ஏற்றத்தை ‘பர்தி’ என்றும் வற்றத்தை ‘ஓஹோட்டி’ என்றும் சொல்வார்கள். “ஓஹோட்டி கதீ ஆஹே?” என்று கேட்டால் பதில் வந்துவிடும்.

பருவம்: நவம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது. மார்ச் முதல் மே வரை வெயிலும் புழுக்கமும் உண்டு. அதிகாலையிலும் மாலையிலும் சுற்றி, நடுப்பகலில் தோப்பு நிழலில் இருந்தால் சமாளிக்கலாம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலம். ஜஞ்சிரா படகுகளும் கேட்வே லாஞ்சுகளும் நின்றுவிடும். அந்த மாதங்களில் இந்தப் பயணம் வேண்டாம்.

போகும் வழிகள்

*ரயில், பிறகு எஸ்டி பஸ்:* செலவு குறைந்த வழி இது. மான்குர்த்திலிருந்து பன்வேலுக்கு ஹார்பர் வண்டியில் முக்கால் மணி நேரம் அளவு. பன்வேல் நிலையத்துக்கு அருகிலேயே எஸ்டி டிப்போ இருக்கிறது. அங்கிருந்து பேண், வட்கல் வழியாக அலிபாக்குக்கு அடிக்கடி பஸ் உண்டு. இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் ஆகும். மகாராஷ்டிர எஸ்டி பஸ்களில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம். 65 முதல் 75 வயதுள்ளவர்களுக்கும் பாதி. 75ஐத் தாண்டியவர்களுக்கு இலவசம். வயதுக்கான சலுகைக்கு ஆதார் அட்டை கையில் இருக்கட்டும். தாராவியிலிருந்து வருபவர்கள் சயானில் ஏறிக் குர்லாவில் ஹார்பர் வண்டிக்கு மாறலாம். மாதுங்காவினர் கிங்ஸ் சர்க்கிளில் ஏறி வடாலா ரோட்டில் மாறலாம். ஞாயிறு பகலில் ஹார்பர் பாதையில் மெகா பிளாக் வருவது வழக்கம் என்பதால், திரும்பும் நேரத்தைப் பிற்பகலுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

*கடல் வழி:* ஹார்பர் வண்டியில் சிஎஸ்எம்டி போய், கேட்வே ஆஃப் இந்தியாவில் மாண்ட்வா லாஞ்ச் ஏறலாம். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். பெரிய லாஞ்ச் நிறுவனங்களின் டிக்கெட்டிலேயே மாண்ட்வாவிலிருந்து அலிபாக் வரை பஸ்ஸும் சேர்ந்திருக்கும். டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். சொந்த வாகனத்தோடு போவதானால் பாவுச்சா தக்காவிலிருந்து மாண்ட்வாவுக்கு 2020 முதல் ரோ-ரோ கப்பல் ஓடுகிறது. தக்காவுக்கு அருகிலுள்ள டாக்யார்ட் ரோடு நிலையமும் ஹார்பர் பாதையிலேயே இருக்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு நான் சொல்லும் யோசனை: போகும்போது ரயிலும் பஸ்ஸும், திரும்பும்போது லாஞ்ச். லாஞ்சில் முதல் நாளே டிக்கெட் உறுதி செய்துகொள்ளுங்கள்.

*சாலை:* மான்குர்த்திலிருந்து சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் நேராகப் போகலாம். 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடல் பாலம் சிவ்டியில் தொடங்குகிறது. தாதர், மாதுங்காவினருக்கு அது உதவும், மான்குர்த்தினருக்கு வாஷி பாலமே நேர்வழி. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் வட்கல் சந்திப்பில் நெரிசல் கூடும். அதற்கு முன் அதைத் தாண்டிவிடுவது நல்லது.

ரயிலில் போகிறவர்கள் வாஷி பாலத்தில் சன்னலோரம் கவனியுங்கள். கழியில் சேற்றுத் திட்டுகள் தெரிந்தால் கடல் வற்றியிருக்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக மேய்வதும் இந்தச் சேற்றில்தான். இந்தக் கழி 2022 முதல் ராம்சர் பட்டியலில் இருக்கிறது.

முதல் நாள்: அலிபாக், அக்‌ஷி, நாகாவ்

அலிபாக் ராய்கட் மாவட்டத்தின் தலைநகர். பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகலாம். கரையில் நின்றால் எதிரே கடலுக்குள் குலாபா கோட்டை தெரியும். சிவாஜி 1680 மார்ச்சில், தான் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், இதன் வேலையைத் தொடங்கினார். மகன் சம்பாஜி காலத்தில் முடிந்தது. 1713இல் இது மராட்டியக் கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயின் கைக்கு வந்தது. 1721இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் சேர்ந்து, ஆறாயிரம் வீரர்களோடும் பெரிய போர்க்கப்பல்களோடும் தாக்கியும் கோட்டை விழவில்லை. ஐரோப்பியக் கப்பல்களை இந்தக் கடலில் அடக்கி வைத்திருந்த கான்ஹோஜி 1729இல் இறந்தார். அவருடைய சமாதி ஊருக்குள்ளேயே இருக்கிறது. கோட்டையைப் பார்த்துவிட்டு அங்கும் போய் வாருங்கள். பலர் இதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். அது இந்த மனிதருக்குச் செய்யும் நியாயமல்ல.

கோட்டைக்கு வற்ற நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு இறங்குங்கள். வற்றம் கடந்து ஒரு மணி நேரத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடுங்கள். வழியில் வழுக்குப் பாறையும் சிப்பி ஒட்டிய கல்லும் உண்டு. வாருள்ள செருப்பு போடுங்கள், வெறுங்கால் வேண்டாம். நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை வண்டி கிடைக்கும். போக வர இரண்டுக்கும் சேர்த்துக் கூலி பேசிக்கொள்ளுங்கள். உள்ளே தொல்லியல் துறைக்கு ஒரு சிறு கட்டணம். 1759இல் ரகோஜி ஆங்கரே கட்டிய சித்தி விநாயகர் கோயில், கடல் நடுவிலும் உப்பில்லாத நீர் தரும் கிணறு, வடக்கு மதிலில் சக்கரம் பூட்டி நிற்கும் இரண்டு ஆங்கிலப் பீரங்கிகள் ஆகியவை பார்க்க வேண்டியவை. பீரங்கிகளில் யார்க்‌ஷர் வார்ப்படசாலையின் பெயர் பொறித்திருக்கிறது.

ஊருக்குள் இன்னும் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். ஒன்று, 19ஆம் நூற்றாண்டில் எழுந்த மாகேன் அபோத் யூத ஜெபக்கூடம். பெனே இஸ்ரேல் என்னும் யூதர்களின் முன்னோர் அலிபாக் அருகே நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கினார்கள் என்பது அவர்கள் மரபு. செக்கில் எண்ணெய் ஆட்டி, மராத்தி பேசி வாழ்ந்த அவர்கள் சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியதால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் பெற்றார்கள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள்; வழிபாட்டு நேரமில்லாத வேளையில், அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டு, தலையை மூடி ஜெபக்கூடத்துக்குள் போங்கள். மற்றொன்று, 1904 முதல் இயங்கும் புவிகாந்த ஆய்வகம். பம்பாயில் மின் டிராம் ஓடினால் கொலாபாவில் எடுக்கும் காந்த அளவுகள் கெடும் என்பதால் இங்கே கொண்டு வந்தார்கள். உள்ளே பார்க்க முன் அனுமதி தேவை.

மதிய உணவுக்குப் பின் ரேவ்தண்டா சாலையில் மினிடோர் ஏறுங்கள். இது இந்தப் பகுதியில் ஷேர் ஆட்டோ போல ஓடும் வண்டி. அக்‌ஷியில் மிகப் பழைய மராத்திக் கல்வெட்டுகளில் ஒன்று இருக்கிறது. சக ஆண்டு 934, அதாவது கிபி 1012 என்று படிக்கிறார்கள். தஞ்சையில் பெரிய கோயில் முடிந்து ஓரிரு ஆண்டுகளே ஆன காலம் அது. அடுத்த ஊர் நாகாவ். தென்னையும் கமுகும் நெருங்கிய வாடிகளுக்குள் வீட்டு அறைகளை வாடகைக்குக் கொடுக்கிறார்கள். இரவுத் தங்கலுக்கு இந்த இடமே ஏற்றது. வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால் சாப்பாடும் சமைத்துத் தருவார்கள். அறை பேசும்போது வெந்நீர், சாப்பாட்டு விலை, காலி செய்யும் நேரம் மூன்றையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சனி இரவில் வாடகை ஏறும். வெள்ளியோ ஞாயிறோ தங்கினால் மிச்சம்.

இரண்டாம் நாள்: ரேவ்தண்டா, கோர்லை, காஷித், முருட்

காலை உணவுக்கு முன்பே கிளம்பினால் நான்கு இடங்களையும் பார்க்கலாம். நாலைந்து பேர் இருந்தால் ஒரு வண்டியை நாள் முழுதும் பேசிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அலிபாக்–முருட் எஸ்டி பஸ்ஸில் இறங்கி ஏறிப் போகலாம். ஒவ்வோரிடத்திலும் அடுத்த பஸ் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

*சௌல், ரேவ்தண்டா.* அலிபாக்கிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கிரேக்க மாலுமிகளின் பழைய கையேட்டில் செமில்லா என்று வரும் துறைமுகம் இந்தச் சௌல்தான். அதே கையேட்டில் நம் முசிறியும் உண்டு. 1508இல் சௌல் முகத்துவாரத்தில் நடந்த கடற்போரில் எகிப்திய, குஜராத்தியக் கப்பல்கள் போர்ச்சுகீசியரை வென்றன. போர்ச்சுகீசிய வைஸ்ராயின் மகன் லூரென்சோ அல்மேடா இங்கே உயிரிழந்தார். அதன் பிறகும் போர்ச்சுகீசியர் இங்கே கோட்டை நகரம் ஒன்றை எழுப்பி, 1740 வரை வைத்திருந்தார்கள். அந்த நகரத்தின் மதில்களும் இடிந்த தேவாலயங்களும் ‘சாத்கணி’ என்னும் கோபுரமும் இன்று ரேவ்தண்டாவின் தென்னந்தோப்புகளுக்குள் நிற்கின்றன. ஊர்ச் சாலையே மதிலைத் துளைத்துக்கொண்டு போகிறது. தரங்கம்பாடியைப் பார்த்தவர்கள் இங்கே வித்தியாசத்தை உணர்வார்கள்: அங்கே கோட்டையைப் பராமரித்து அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள், இங்கே இடிபாடுகளுக்கு நடுவே மக்கள் தோட்டம் போட்டு வாழ்கிறார்கள். தோப்புகள் தனியாருடையவை. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், மதில்மேல் ஏறாதீர்கள்.

வாஸ்கோ ட காமாவுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், 1469 வாக்கில், அஃபனாசி நிகிதின் என்ற ரஷ்ய வணிகர் சௌலில் கரையிறங்கினார். அவருக்கு ரேவ்தண்டாவின் பள்ளி வளாகம் ஒன்றில் நினைவுத் தூண் இருக்கிறது. கோயிலுக்குப் போக விரும்புகிறவர்களுக்குச் சௌல் ராமேஸ்வர் கோயிலும் அதன் திருக்குளமும் உண்டு.

*கோர்லை.* குண்டலிகா ஆற்றுப் பாலம் தாண்டினால் கோர்லை. கடலுக்குள் நீளும் குன்றின்மேல் போர்ச்சுகீசியர் 1594இல் கைப்பற்றிய கோட்டை இருக்கிறது. கலங்கரை விளக்கத்தின் பக்கமிருந்து படியேறினால் சீக்கிரம் மேலே போகலாம். மேலேயிருந்து ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் ஆற்றின் முகத்துவாரம், கீழே மீனவக் குடியிருப்பு மூன்றும் தெரியும். நிழல் கிடையாது, காலை பத்துக்குள் ஏறி இறங்குங்கள். கீழே உள்ள கிறித்தவக் குடியிருப்பில் ஏறக்குறைய ஆயிரம் பேர், போர்ச்சுகீசியமும் மராத்தியும் கலந்து பிறந்த ஒரு தனி மொழியை இன்றும் வீட்டில் பேசுகிறார்கள். போர்ச்சுகீசியர் போய் இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் அந்த மொழி வாழ்கிறது. மும்பையில் பிள்ளைகளோடு தமிழ் பேசப் பாடுபடும் பெற்றோர் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய ஊர் இது. அவர்களைக் காட்சிப்பொருளாக்கிப் படமெடுக்காமல், கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

*காஷித்.* இந்தக் கரையில் மணல் மிக வெளுத்த இடம். பார்க்க அழகு, குளிக்க ஆபத்து. இழுப்பு பலமாக இருக்கும். கரையோரச் சவுக்குத் தோப்பில் இளநீர் குடித்து, கால் நனைத்துக் கிளம்புங்கள்.

*முருட், ஜஞ்சிரா.* முருட் ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் ராஜபுரி துறை. அங்கிருந்து பாய்மரப் படகில் ஜஞ்சிராவுக்குப் போக வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சித்திகள் ஆண்ட தீவுக் கோட்டை இது. சிவாஜி முயன்றார், சம்பாஜி கடலைத் தூர்த்துப் பாதை போடவே முயன்றார், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என யாருக்கும் இது விழவில்லை. சித்திகளின் அரசு 1948இல் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. வாசல் மிக அருகில் போகும்வரை கண்ணுக்குத் தெரியாதபடி மதில்களுக்கு இடையில் மறைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே 19 கொத்தளங்கள், நன்னீர்க் குளங்கள், கலால்பாங்டி என்னும் பெரும் பீரங்கி. படகுக்காரர்கள் முக்கால் மணி நேரம்போலத்தான் தருவார்கள். முதலில் பீரங்கி மேடைக்கும் குளத்துக்கும் போய்விடுங்கள். எதிரே கடலில் சிவாஜி எழுப்பிய பத்மதுர்க் தெரியும்.

கோட்டை வாசலில் படகு அலையோடு ஏறி இறங்கும். படகுக்காரர் கை கொடுக்கும் நொடியில்தான் படியில் கால் வைக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் ராஜபுரி கரையிலிருந்தே பார்ப்பது நல்லது. உயிர்காப்பு அங்கி தராத படகிலும் ஆள் நிரம்பி வழியும் படகிலும் ஏறாதீர்கள். முருட்டில் குன்றின்மேல் தெரியும் நவாப் அரண்மனை தனியார் வசம் இருக்கிறது, வெளியிலிருந்து பார்க்கலாம்.

திரும்ப: பஸ்ஸிலேயே திரும்புகிறவர்கள் முருட் எஸ்டி நிலையத்தில் இறங்கியதுமே “பன்வேல்சீ ஷேவட்சீ காடீ கிதீ வாஜ்தா?” என்று கடைசி வண்டி நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன சாப்பிடலாம்

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது நல்ல ஊர். சுர்மை நம் வஞ்சிரம், பாங்டா நம் அயிலை, பாப்லேட் நம் வாவல், ஜிதாடா நம் கொடுவா. தாலி கேட்டால் மீன் வறுவல், குழம்பு, அரிசி பாக்ரி, சோறு, கோகமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த சோல்கடி ஆகியவை வரும். சைவத்துக்கு மொச்சை வகையைச் சேர்ந்த வாலில் செய்த பிர்டா உண்டு. குளிர்காலத்தில் அவரைக்காய், உருளை, முட்டை, கோழியைப் பானையில் அடைத்து, இலை மூடி, நெருப்பில் கவிழ்த்துச் சுடும் ‘போப்டி’யை வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள். பிப்ரவரிக்குப் பின் போனால் சரம் சரமாகப் பின்னிய அலிபாக் வெள்ளை வெங்காயம் வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற, காரம் குறைந்த வெங்காயம்.

கடலிடம் கவனம்

2016 பிப்ரவரியில் புனேயிலிருந்து சுற்றுலா வந்த கல்லூரி மாணவர்கள் 14 பேர் முருட் கடலில் மூழ்கி இறந்தார்கள். வெயிலடிக்கும் நல்ல பருவத்தில், ஊரை ஒட்டிய கரையில் நடந்தது அது. இந்தக் கரையில் எங்கும் முழங்காலுக்கு மேல் இறங்காதீர்கள். நீர் ஏறும் நேரத்தில் அதுவும் வேண்டாம். நீர் வற்றும்போது உள்ளிழுப்பு கூடும் என்பதால் அப்போதும் ஆழத்துக்குப் போகாதீர்கள். உள்ளூர் மீனவர் “நகோ” என்று கை காட்டினால் வாதாடாமல் கரையேறிவிடுங்கள். குழந்தைகளைப் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் கையில் கைபேசி இருக்கக் கூடாது.

பிளாஸ்டிக் உறையும் தண்ணீர்ப் புட்டியும் கரையில் விட்டால் அடுத்த ஏற்றத்தில் கடலுக்குள் போகும். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். கோட்டைக் கற்களில் பெயர் கீறாதீர்கள். சோறு போட்ட வீட்டிலும் படகு ஓட்டியவரிடமும் பேசியதைக் குறைக்காமல் கொடுங்கள். மழை மாதங்களில் அவர்களுக்குச் சுற்றுலா வருமானம் கிடையாது. இந்த மாதத்துத் திருதியை எந்தக் கிழமையில் வருகிறது என்று இன்றே நாட்காட்டியில் பாருங்கள். சனியை ஒட்டி வந்தால் பன்வேல் வண்டி ஏறிவிடுங்கள்.